இருபது பேர் கூடிய சபை

சென்ற வாரம் ஒரு நாள், காலைக் காப்பி ஆறுவதற்குள், நம் எதிர்வீட்டு நண்பர் வந்து சேர்ந்தார். அவர் முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் தணிக்கைக் காரியாலயத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ரூபாய் செலவானால் அது எந்தத் தலைப்பில் செலவாயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வராது. முகத்தைப் பார்த்தவுடனேயே அன்றைக்கு ஏதோ ஒரு செலவுக்குத் தலைப்பு அகப்படவில்லை என்று கண்டுகொண்டோம்.

"கேட்டீரா ஐயா சங்கதியை? பேரன் ரயிலுக்குப் பணம் கேட்கிறான். பரீட்சைக்கா என்றால், இல்லை. சிநேகிதன் கல்யாணத்துக்கா என்றால், அதுவும் இல்லை. செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறது, யந்திர மனிதன் பேசுகிறது என்றெல்லாம் கதை வருகிறதே, அதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் பெங்களூரிலே ஒன்று கூடப் போகிறார்களாம். எழுதுகிறவர்கள் கூடினாலும் ஒரு அர்த்தம் உண்டு. படிக்கிறவர்கள் கூடி என்ன செய்வது? இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது, நீரே சொல்லும்!"

நண்பரின் கேள்வி நியாயமானதுதான். பாட்டுக் கேட்பதற்குச் சபை வேண்டும். நாடகம் பார்ப்பதற்குக் கொட்டகை வேண்டும். சீட்டாடுவதற்குக்கூட நாலு பேர் வேண்டும். புஸ்தகம் படிப்பதற்கு ஒரு மூலையும் ஒரு விளக்கும் போதும். தனியாக இருந்து செய்கிற காரியத்துக்குக் கூட்டம் எதற்கு?

அவருக்கு நாம் சொன்ன பதிலையே நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம். பதில் சற்று நீளமானது. அது பெங்களூரில் ஆரம்பிக்கவில்லை. இங்கிலாந்தின் வடபாகத்தில், கம்பளித் துணிக்கும் தையல் சாலைகளுக்கும் பேர்போன லீட்ஸ் நகரத்தில் ஆரம்பிக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது என்று சொன்னால் இன்னும் சரியாயிருக்கும்.

* * *

1926-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இவர் லக்ஸம்பர்க் தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ரேடியோ சாமான் வியாபாரம் செய்தவர். விஞ்ஞானக் கதைகளையே போடுவது என்று ஆங்கிலத்தில் புறப்பட்ட முதல் பத்திரிகை அதுதான். அட்டையில் பிரம்மாண்டமான பூச்சிகளும், பறக்கும் நகரங்களும், பச்சையும் சிவப்புமாய்க் கண்ணைப் பறிக்கும். கதைகளின் தரத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் கெர்ன்ஸ்பாக் செய்த ஒரு சின்னக் காரியத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் இருக்க முடியாது. வாசகர்கள் எழுதிய கடிதங்களைக் கடைசிப் பக்கங்களில் பிரசுரித்தபோது, அவர்களுடைய பெயரோடு முழு விலாசத்தையும் சேர்த்துப் பிரசுரித்தார்.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கலாம். ஒரு சிற்றூரில் ஒரு பையன் இருக்கிறான். அவன் வீட்டிலே யாரும் இந்தக் கதைகளைப் படிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கண்டால் பிடுங்கிக்கொள்வார். சந்திரனுக்கு மனிதன் போக முடியும் என்று சொன்னால் சிநேகிதர்கள் சிரிப்பார்கள். உலகத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவன் தான் ஒருவன்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்பொழுது, பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், தன்னைப் போலவே இன்னொருவன் பதினைந்து மைலுக்கு அப்பால் இருப்பதைக் காண்கிறான். அவனுடைய தெருப் பெயரும் கதவு இலக்கமும் அச்சில் இருக்கின்றன. ஒரு தபால் தலை வாங்குகிறான். அவ்வளவுதான், காரியம் ஆகிவிட்டது!

இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டவர்களை எல்லாம் சேர்த்து, 1934-இல் கெர்ன்ஸ்பாக் தமது இன்னொரு பத்திரிகையின் மூலம் 'ஸயன்ஸ் பிக்ஷன் லீக்' என்று ஒரு சங்கம் ஏற்படுத்தினார். சங்கத்தால் பத்திரிகை விற்கும் என்பது அவருடைய கணக்கு. வியாபாரியின் கணக்கு அது. ஆனால் சில சமயம் வியாபாரியின் கணக்கிலிருந்து, அவன் எண்ணிப் பாராத நல்ல காரியங்களும் பிறந்துவிடுகின்றன. லீக்கின் கிளைகள் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி இங்கிலாந்திலும் முளைத்தன. அமெரிக்காவில் விற்காத பழைய பிரதிகள் கப்பலில் வந்து, உல்வொர்த் கடைகளில் மூன்று பென்னிக்கு ஒன்றாக விற்றன. கப்பலின் அடிப்பாரத்துக்காக அவற்றை ஏற்றி வந்தார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. அடிப்பாரமாக வந்த காகிதம் எத்தனையோ இளைஞர்களின் தலைக்கு மேலே ஆகாயத்தைத் திறந்துவிட்டது.

* * *

1937-ஆம் வருஷம் ஜனவரி 3-ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. லீட்ஸ் நகரத்துக் கிளையைச் சேர்ந்த இளைஞர்கள், நாட்டின் மற்றப் பாகங்களில் இருந்த தோழர்களை அழைத்து ஒரு மகாநாடு கூட்டினார்கள். மகாநாடு என்றவுடன் பந்தலும், தோரணமும், வரவேற்புக் கமிட்டியும் நேயர்களின் ஞாபகத்துக்கு வரும். இங்கே வந்திருந்தவர்கள் சுமார் இருபது பேர்! லண்டனிலிருந்து சிலர், லிவர்பூலிலிருந்து சிலர், மற்றவர் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து. ரயில் சத்தத்தைக் கைப்பணத்திலிருந்து கொடுத்துக்கொண்டு வந்தார்கள். பெரிய எழுத்தாளர் எவரும் தலைமை தாங்க வரவில்லை. பிரபுக்கள் யாரும் நன்கொடை கொடுக்கவில்லை.

கூடிய இடத்தைக் கேட்டால் நம்மவர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கும். அது லீட்ஸ் நகரத்துப் பிரம்மஞான சபையின் மண்டபம். அந்தச் சபையின் தலைமை ஸ்தானம் 1882-ஆம் வருஷத்திலிருந்து நம் அடையாற்றில் அல்லவா இருக்கிறது? அன்னி பெஸன்ட் அம்மையாரை அறியாத தமிழ்க் குடும்பம் ஏது? ஆத்மாவின் யாத்திரையைப் பற்றிப் பேசுவதற்காக ஏற்பட்ட மண்டபத்தில், கிரகங்களுக்கு யாத்திரை போவதைப் பற்றி இளைஞர்கள் பேசினார்கள். இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை என்று அடையாற்றுப் பெரியவர்கள் சொன்னாலும் சொல்லுவார்கள்!

அதற்கு முந்தின அக்டோபரில் நியூயார்க் ரஸிகர்கள் சிலர் ரயிலேறிப் பிலடெல்பியாவுக்குப் போய், அந்த ஊர் ரஸிகர்களைச் சந்தித்தார்கள். முதல் மகாநாடு எங்களுடையதே என்று அமெரிக்கர்கள் அதைக் கொண்டு வாதிக்கிறார்கள். முன்கூட்டியே அறிவித்து, மகாநாடு என்றே பேரிட்டு, மண்டபம் பிடித்து நடத்தியது லீட்ஸ்தான் என்று ஆங்கிலேயர் பதில் சொல்லுகிறார்கள். இந்த வழக்கை நாம் தீர்த்து வைக்கப் போவதில்லை. நம் ஊரில் முதல் மரியாதை யாருக்கு என்று நடக்கும் வழக்குகளே போதும்.

லீட்ஸில் கூடியவர்கள் பேசிக் கலைந்துவிடவில்லை. தங்கள் நாட்டுக்கென்று ஒரு சங்கத்தை அன்றைக்கே ஏற்படுத்தினார்கள். நனீட்டன் என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் 1936 முதல் நடத்திவந்த 'நோவே டெரே' என்ற கைப்பத்திரிகையைச் சங்கத்தின் பத்திரிகையாக்கிக்கொண்டார்கள். 'புதிய உலகங்கள்' என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள்.

வந்திருந்தவர்களில் பத்தொன்பது வயது நிரம்பிய ஒரு வாலிபன் இருந்தான். பதின்மூன்று வயதில் தகப்பனாரை இழந்தவன். சர்வகலாசாலைப் படிப்புக்கு வசதியில்லாமல் லண்டனில் சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆசிரியர்களின் பென்ஷன் கணக்கைத் தணிக்கை செய்வது அவன் வேலை. பெயர் ஆர்தர் கிளார்க்.

இந்த இடத்தில் நம் நண்பர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தணிக்கையா? பென்ஷன் கணக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "பென்ஷன் கணக்கு லேசானதல்ல ஐயா" என்று சொல்லிவிட்டு, மேலே சொல்லும்படி ஜாடை காட்டினார்.

* * *

காங்கிரஸ் மகாசபை 1885-இல் பம்பாயில் முதன்முதல் கூடியபோது வந்த பிரதிநிதிகள் எழுபத்திரண்டு பேர் என்பது நேயர்களுக்குத் தெரியும். சிறிய ஆரம்பத்தைக் கண்டு சிரிக்கலாகாது என்பதை நம் தேசத்தாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சிறிதாய் ஆரம்பித்த காரியங்கள் எல்லாம் வளர்ந்துவிடுவதில்லை. நம் தெருவிலேயே எத்தனை வாசகசாலைகள் திறப்பு விழாவோடு மூடு விழாவும் கண்டிருக்கின்றன! ஆகையால் லீட்ஸில் முளைத்தது ஏன் பட்டுப்போகவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டுப்போவதற்குச் சந்தர்ப்பங்கள் இல்லாமலில்லை. 1938-இல் லண்டனில் மகாநாடு கூடியது, 1939-இலும் கூடியது. அந்த ஆண்டு செப்டம்பரில் யுத்தம் மூண்டது. சங்கம் நின்றது. அங்கத்தினர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். ஆனாலும் குண்டு விழுகிற காலத்திலேயே, 1943-லும் 1944-லும், லெஸ்டரிலும் மான்செஸ்டரிலும் சிறு கூட்டங்கள் நடந்தன. விடுமுறையில் வந்த சிப்பாய்களும் வேலைக்குப் போகிற வாலிபர்களும் கூடி, யுத்தத்துக்கு அப்பாலுள்ள உலகத்தைப் பற்றிப் பேசினார்கள்.

யுத்தம் முடிந்தபின், லண்டனில் 'வெள்ளைக் குதிரை' என்ற விடுதியில் வியாழக்கிழமைதோறும் கூடும் வழக்கம் ஏற்பட்டது. 1948-இல் அங்கேயே மறுபடியும் மகாநாடு ஆரம்பமாயிற்று. வந்தவர்கள் சுமார் ஐம்பது பேர். அந்தச் சமயத்தில் அவர்கள் செய்த ஒரு காரியத்தை நம் நாட்டு வாசகர்கள் கவனிக்க வேண்டும். முன்பு கைப்பத்திரிகையாக இருந்த 'புதிய உலகங்கள்', டெட் கார்னெல் என்ற ரஸிகரின் முயற்சியால், 1946-இல் 'நியூ வொர்ல்ட்ஸ்' என்ற பெயருடன் கடையில் விற்கும் பத்திரிகையாக வந்திருந்தது. மூன்று இதழ்களோடு பிரசுரகர்த்தர்கள் திவாலாகிவிட்டார்கள். "நல்ல பத்திரிகை நின்றுபோயிற்றே!" என்று வருத்தப்படுவதோடு நாமாயிருந்தால் நிறுத்திக்கொள்வோம். விடுதியில் கூடிய வாசகர்களும் எழுத்தாளர்களும் தங்கள் கைப்பணத்தைப் போட்டுப் பங்கு சேர்த்து ஒரு கம்பெனி ஏற்படுத்தினார்கள். ஜான் விண்டம் என்ற நாவலாசிரியர் அதற்குத் தலைவரானார். 1949-இல் பத்திரிகை மறுபடியும் வெளிவந்தது. பிறகு பல வருஷம் நடந்து, இங்கிலாந்தின் புதிய எழுத்தாளர்களுக்கெல்லாம் தாய்வீடாயிற்று. வாசகன் முதலாளியான கதை இது.

1955-இல் மகாநாடு கெட்டரிங் என்ற ஊருக்குப் போயிற்று. பூட்ஸ் தைப்பதற்குப் பேர்போன சிறிய ஊர் அது. அந்த வருஷம் முதல் ஈஸ்டர் பண்டிகையில் கூடுவது என்று வழக்கம் ஏற்பட்டது. வெள்ளிக்கிழமை முதல் திங்கட்கிழமை வரையில் நாலு நாள் தொடர்ந்து விடுமுறை. குமாஸ்தாவும் வரலாம், உபாத்தியாயரும் வரலாம், பள்ளிப் பையனும் வரலாம். அதனால் மகாநாட்டுக்கே 'ஈஸ்டர்கான்' என்று பெயராகிவிட்டது. மூன்று வருஷம் கழித்து, புதிய முகங்கள் போதுமான அளவு வரவில்லையே என்று கவலைப்பட்டு, 1958-இல் அதே கெட்டரிங்கில் பிரிட்டிஷ் விஞ்ஞானக் கதைச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, வாசலில் நின்று அழைக்கவும் ஆள் வேண்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

1957-இல் உலக மகாநாடு முதன்முறையாக அமெரிக்கக் கண்டத்தை விட்டு லண்டனுக்கு வந்தபோது 268 பேர் சேர்ந்தார்கள். 1979-இல் அது பிரைட்டன் கடற்கரை நகரத்தில் கூடியபோது மூவாயிரத்துக்கு மேல். 2014-இல் மறுபடி லண்டனில் கூடியபோது பதிவு செய்துகொண்ட அங்கத்தினர் பதினாயிரத்துக்கு மேல். இதற்கிடையில் மாகாணங்களும் சும்மா இருக்கவில்லை. பர்மிங்ஹாமில் 1971-இல் ஒரு சங்கம் ஏற்பட்டு, அந்த வருஷமே நவம்பரில் 'நோவாகான்' என்ற மகாநாட்டைக் கூட்டியது. தலைநகரத்தார் வந்து நடத்தி வைப்பார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

* * *

இந்தக் கூட்டங்கள் நடக்கும் முறையைச் சற்றுச் சொல்ல வேண்டும். விருட்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் கச்சேரிக்குப் போகிறவன் டிக்கட் வாங்குகிறான். வாங்கினவன் பார்வையாளன், மேடையில் இருக்கிறவர் வித்வான், நடுவில் ஒரு கயிறு. ஈஸ்டர்கானில் டிக்கட் என்பதே கிடையாது. பணம் கொடுத்தவன் அங்கத்தினன் ஆகிறான். அறைகளில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுகிறார்களே, அவர்களும் பெரும்பாலும் சந்தா செலுத்திய அங்கத்தினர்கள்தான். காலையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசின நாவலாசிரியர், மத்தியானம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை பேசுவதைக் கேட்க நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார். கௌரவ விருந்தினருக்குப் பிரயாணச் செலவும் தங்கும் செலவும் உண்டு, சன்மானம் இல்லை. சாமான் தூக்குகிறவர், வாசலில் பெயர்ச் சீட்டுக் கொடுக்கிறவர், ஒலிபெருக்கியைக் கவனிக்கிறவர், கணக்கு எழுதுகிறவர் எல்லாரும் சம்பளமில்லாத் தொண்டர்கள்.

இரண்டாவது விஷயம். இந்த மகாநாட்டுக்கு நிரந்தரமான முதலாளி கிடையாது. 'எங்கள் ஊரில் நடத்துகிறோம்' என்று ஒரு கோஷ்டி முன்வந்து, கூடியிருக்கும் அங்கத்தினர்களின் முன்னால் நின்று, எந்த ஹோட்டல், என்ன வாடகை, யார் பொறுப்பு என்றெல்லாம் சொல்ல வேண்டும். அங்கத்தினர்கள் குறுக்குக் கேள்வி போடுவார்கள். பிறகு கை தூக்கி வோட்டளிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பே இது தீர்மானமாகிவிடும். ஒரு கோஷ்டி களைத்தால் இன்னொரு கோஷ்டி தோள் கொடுக்கும். பல்லக்குத் தூக்குகிறவர்கள் மாறுகிறார்கள். சுவாமி கீழே இறங்குவதில்லை.

மூன்றாவது விஷயம் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. 1963 முதல், டாக்டர் வெயர் என்பவரின் ஞாபகமாக ஒரு வெள்ளிக் கிண்ணத்தை ஒவ்வொரு வருஷமும் கொடுத்து வருகிறார்கள். இவர் முதிய வயதில் இந்தக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்து, சில வருஷங்களே இருந்து, 1961-இல் காலமானவர். கிண்ணம் யாருக்கு? பெரிய எழுத்தாளருக்கு அல்ல. பாராட்டை எதிர்பாராமல் பின்னாலிருந்து உழைத்த ஒருவருக்கு! அதை நிர்ணயிப்பவர்களும் அங்கத்தினர்களே. நாற்காலி அடுக்கினவனை மேடைக்கு அழைத்துக் கைதட்டுகிற சபை சுலபத்தில் அழியாது.

குறைகள் இல்லாமலில்லை. ஆரம்ப காலத்தில் பல வருஷங்கள் இது ஆண்பிள்ளைகளின் சங்கமாகவே இருந்தது. ஸ்திரீகள் வந்து, பேசி, காரியக் கமிட்டிகளில் அமர்ந்து, தலைமையும் தாங்கிய பிறகுதான் வீடு வீடாயிற்று. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கு ஏற்பாடு வந்ததும் அதன் பிறகுதான். கதவை அடைத்த கதையும் உண்டு. அது அமெரிக்காவில் நடந்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக மகாநாடு கூடியபோது, துண்டுப் பிரசுரம் கொடுத்துக் கலகம் செய்வார்கள் என்று பயந்து, ஆறு இளைஞர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த அறுவரில் பிரெடரிக் போல், சிரில் கார்ன்பிளத் என்ற இருவர் பின்னாளில் அந்தத் துறையின் பெரிய எழுத்தாளர்களானார்கள். நடத்தியவர்கள் செய்த மற்றக் காரியங்களையெல்லாம் உலகம் மறந்தாலும், கதவடைத்ததை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. சபை நடத்துகிறவர்கள் அனைவரும் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய சமாசாரம் இது.

* * *

வளர்ச்சி என்றால் என்ன என்ற கேள்வி இங்கே வருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஸான் டியகோ நகரத்தில், 1970-இல், சித்திரக் கதை ரஸிகர்களும் விஞ்ஞானக் கதை ரஸிகர்களும் சேர்ந்து ஒரு ஹோட்டலில் கூடினார்கள். சுமார் முந்நூறு பேர். இன்று அந்தக் கூட்டத்துக்கு வருஷந்தோறும் ஒரு லட்சத்து முப்பதினாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். சினிமாக் கம்பெனிகள் அங்கே கடை பரப்புகின்றன. நட்சத்திரங்களைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்காக இரவெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். அது ஒரு வளர்ச்சி. திருவிழாவைக் குறை சொல்வதற்கில்லை, திருவிழாவும் வேண்டியதுதான்.

ஈஸ்டர்கான் அந்தப் பாதையில் போகவில்லை. அது சில நூறு பேர் வரும் கூட்டமாக, நல்ல வருஷங்களில் ஆயிரத்தைத் தொட்டும் தாண்டியும், ஒரே ஹோட்டலுக்குள் அடங்கும் அளவில் இருந்து வருகிறது. இதைத் தேக்கம் என்று சிலர் சொல்லலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு லட்சம் பேர் கூடுமிடத்தில் பக்கத்தில் நிற்பவனின் பெயரைக் கேட்பதற்கு நேரமிராது. ஆயிரம் பேர் கூடுமிடத்தில், காப்பிக்காக நிற்கும் வரிசையிலேயே சிநேகிதம் ஏற்பட்டுவிடும். கடைசிப் பக்கத்துக் கடிதத்தில் விலாசத்தைத் தேடின பையன் எதற்காகத் தேடினான்? நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கல்ல, சிநேகிதனைப் பார்ப்பதற்கு. அந்தச் சிநேகிதன் அகப்படும்வரையில் சபை வளர்ந்திருக்கிறது என்றே நாம் சொல்லுவோம்.

இதற்குச் சோதனையும் வந்தது. 2020-இல் கொரோனா நோயினால் ஈஸ்டர்கான் நின்றுபோயிற்று. 2021-இல் கம்ப்யூட்டர் திரைகளின் மூலம் கூடினார்கள். 2022-இல் மறுபடியும் ஹோட்டலுக்கே வந்துவிட்டார்கள். திரையில் பேச்சு நடக்கும்; பேச்சு முடிந்தபின் நடைவழியில் நின்று பேசுகிற பேச்சு நடப்பதில்லை. சபையின் உயிர் அந்த நடைவழியில் அல்லவா இருக்கிறது?

* * *

லீட்ஸுக்குப் போன தணிக்கைக் குமாஸ்தா என்ன ஆனார்? 1945 அக்டோபரில் அவர் ஒரு வயர்லெஸ் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். பூமிக்கு மேலே சுமார் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கிரகக் குழந்தையை ஏற்றி வைத்தால், அது பூமியோடு சேர்ந்தே சுற்றி, ஒரே இடத்தில் நிற்பது போல் தோன்றும். அதன் மூலம் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அதன் சாரம். இன்று நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மொட்டை மாடியில் தட்டு வைத்திருக்கிறோமே, அது எந்தத் திசையைப் பார்த்து அசையாமல் நிற்கிறதோ, அங்கே இருக்கிறது அந்த யோசனை.

1956-இல் கிளார்க் இலங்கைக்குக் குடிவந்தார். 2008 மார்ச்சில் கொழும்பிலேயே காலமானார். அவர் வந்த வருஷமே, தோழர் மைக் வில்ஸனுடன் திருக்கோணமலையில் கடலுக்குள் மூழ்கிப் பார்த்தபோது, சுவாமி மலையின் அடியில் கோயில் தூண்களும் கற்களும் கிடக்கக் கண்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் மிச்சங்கள் அவை. சம்பந்தர் பாடிய தலத்தின் கற்களைக் கடலடியில் கண்டவர்களில் ஒருவர், செவ்வாய்க் கிரகக் கதை படிக்க லீட்ஸுக்கு ரயிலேறிய வாலிபர்! 1975-இல் நம் நாட்டுக் கிராமங்களுக்கு விண்கலத்தின் மூலம் தொலைக்காட்சி காட்டிப் பரீட்சை செய்தபோது, நம் விண்வெளி நிபுணர்கள் கொழும்புக்குப் போய், கிளார்க்கின் வீட்டிலும் ஓர் ஏரியல் பொருத்திக் கொடுத்தார்கள். யோசனை சொன்னவருக்கு நாம் செய்த மரியாதை அது.

லீட்ஸ் மகாநாடு இல்லாவிட்டால் இவையெல்லாம் நடந்திராது என்று நாம் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கணக்கை யாரும் தணிக்கை செய்ய முடியாது. 1964-இல் பீட்டர்பரோவில் கூடிய ஈஸ்டர்கானுக்கு டெரி பிராட்செட் என்ற பதினைந்து வயதுப் பையன் வந்திருந்தான். பின்னாளில் நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி உலகத்தைச் சிரிக்க வைத்தான். அங்கே வராவிட்டாலும் அவன் எழுதியிருக்கலாம். கூட்டம் யாருக்கும் திறமையைக் கொடுப்பதில்லை. 'நீ நினைப்பது பைத்தியமல்ல. நாங்களும் நினைக்கிறோம்' என்று சொல்லும் இருபது முகங்களைத்தான் அது கொடுக்கிறது. இளம் வயதில் அந்த இருபது முகங்களுக்காக ஏங்காதவர் யார்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "லண்டனிலிருந்து லீட்ஸுக்கு எவ்வளவு தூரம்?" என்றார். இருநூறு மைலுக்குச் சற்றுக் குறைவு என்றோம். "சென்னையிலிருந்து பெங்களூரும் ஏறக்குறைய அதுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். மேசைமேல் அவருடைய வரவு செலவு நோட்டு திறந்திருந்தது. பேரனின் ரயில் சத்தம், போகவர, ஒரு வரியில் எழுதியிருந்தது. எந்தத் தலைப்பு என்று எட்டிப் பார்த்தோம். 'படிப்புச் செலவு' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'இதரச் செலவு' என்று எழுதி, அதையும் அடித்திருந்தார். தலைப்பு இன்னும் தீர்மானமாகவில்லை. பணம் மட்டும் கொடுத்தாகிவிட்டது.